பூசுவதற்கு முன் தட்டிப் பாருங்கள்

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தூண்களுக்கு அடித்த பலகையைப் பிரித்ததும், இரண்டு தூண்களின் அடியில் ஜல்லி துருத்திக்கொண்டு ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறது. ஓரிடத்தில் கம்பியே தெரிகிறது. கொத்தனார் அண்ணன், "பூசுனா சரியாப் போயிரும்மா" என்கிறார். நம்பலாமா?
— ஒரு வாசகி, திருப்பாலை

பதில்: பூசினால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நல்லவேளை, முன்பே கேட்டீர்கள்.

சைட்டில் இதை 'ஹனிகோம்ப்' என்பார்கள். ஜல்லிக்கு நடுவே சிமெண்ட் சாந்து போய்ச் சேராத இடம். தூணின் அடியில்தான் இது அதிகம் வரும். கீழிருந்து வரும் கம்பியும் மேலே போகும் கம்பியும் அங்கேதான் நெருக்கியடித்து நிற்கின்றன. பத்தடி உயரத்திலிருந்து சட்டி சட்டியாகக் கொட்டினால் ஜல்லி தனியாகப் பிரிந்து முதலில் போய் உட்கார்ந்துவிடும். 1.5 மீட்டருக்கு மேல் விழவிடக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456, அதாவது காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி. யார் கேட்கிறார்கள்? பலகையின் அடியில் சந்து இருந்தால் சிமெண்ட் பாலும் அந்த வழியே ஓடிவிடும்.

நான் சைட்டுக்குப் போனால் பையில் சின்னச் சுத்தியலும் சைக்கிள் போக்ஸ் கம்பியும் இருக்கும். சுத்தியலால் தட்டுங்கள், 'பொத்'தென்று கேட்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். ஓட்டைக்குள் போக்ஸ் கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். தூணில் கம்பிக்கு வெளியே 40 மி.மீ. கவரிங் (கம்பியை மூடும் காங்கிரீட்) இருக்க வேண்டும். ஓட்டை அதற்குள்ளேயே நின்றால், இளகிய ஜல்லியைக் கொத்தியெடுத்து, கழுவி, ரிப்பேர் மார்ட்டர் (பழுது பார்க்கவே வரும் சாந்து) வைத்து அடைக்கலாம்.

உங்களுடையது அந்த நிலையைத் தாண்டிவிட்டது. கம்பிக்குப் பின்னாலும் ஓட்டை போகிறதென்றால், உளியை எடுக்கும் முன்பே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரச்சொல்லுங்கள். மேலே பாரம் ஏறியிருந்தால் முட்டுக் கொடுத்த பிறகுதான் கொத்த வேண்டும். கெட்டியான காங்கிரீட் வரும்வரை, கம்பியைச் சுற்றி விரல் நுழையும்படி கொத்தி, மறுபடி பலகை அடைத்து, சுருங்காத கிரவுட்டோ (சந்துகளில் ஓடி நிரம்பும் சாந்து) மைக்ரோ காங்கிரீட்டோ (பொடி ஜல்லி போட்ட இளக்கமான காங்கிரீட்) ஊற்ற வேண்டும். அதுவரை மேல்வேலை நிற்கட்டும். கொத்தனார் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, செலவு யாருடையது என்று கான்ட்ராக்டரிடம் பேசுங்கள்.

கேள்வி: போர்டிகோ தூண்களைப் பூசாமல் காங்கிரீட்டாகவே விட ஆசை. ஆனால் பட்டாணி அளவில் குழிகள் நிறைய. பலவீனமா?
— ஒத்தக்கடை வாசகர்

பதில்: பலவீனம் இல்லை. பலகையோடு ஒட்டி நின்ற காற்று அது. இரும்பு ஷீட்டில் காற்று வெளியேற வழியில்லாததால் குழி கூடுதலாக விழும். எண்ணெயை அள்ளிப் பூசினாலும் விழும். திருமலை நாயக்கர் மகால் தூண்களின் வழவழப்பைக் கேட்டு என்னிடம் பலர் வருகிறார்கள். அது செங்கல் மேல் ஏற்றிய சுண்ணாம்புப் பூச்சு, ஐயா. காங்கிரீட்டில் அந்த வழவழப்பு வேண்டுமானால் அடுத்த தூணுக்கு முன் சின்னதாக ஒரு மாதிரி போட்டுப் பாருங்கள்.

கேள்வி: சித்திரையில் ரூஃப் போட்டோம். மறுநாள் காலையில் மேலே மெல்லிய விரிசல்கள். ஒழுகுமா?
— மேலூர் வாசகர்

பதில்: வெயில் காங்கிரீட்டின் மேல்தண்ணீரை இழுத்துக்கொண்ட வேகத்தில் வந்தவையாக இருக்கும். ஆடிக் காற்றும் இதே வேலையைச் செய்யும். விடிகாலையில் தொடங்கி, மட்டம் தட்டியதுமே பிளாஸ்டிக் தாள் மூடியிருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கலாம். எனக்குக் கோபம் வருவது இன்னொன்றில்: பளபளப்புக்காக மேலே வெறும் சிமெண்டைத் தூவித் தண்ணீர் தெளித்துத் தேய்ப்பது. அந்தத் தோல் பிறகு பொடிப்பொடியாக உதிரும். உங்கள் தளத்தில் அதைச் செய்திருந்தால் விரிசல் கூடுதலாகவே இருக்கும்.

இப்போது பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பி.பி.சி. சிமெண்ட் (சாம்பல் போன்றவை கலந்தது) என்றால் 10 நாள் கட்டாயம், 14 நாள் நல்லது. சென்ட்ரிங் பிரித்தபின் ஒருமுறை மறுபடி தண்ணீர் நிறுத்திவிட்டுக் கீழே வந்து பாருங்கள். ஈரம் கசியாவிட்டால் சிமெண்ட் பால் ஊற்றித் தேய்த்தால் போதும். கசிந்தால் அந்த இடங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள்.