"சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா?" – கரைப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் எங்கும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. ஆண்கள் வீட்டில் இருக்கிற இந்த நாட்களில்தான், வருசமெல்லாம் மனசுக்குள் அமுக்கி வைத்த பேச்சு வெளியே வருகிறது. அன்பியக் கூட்டங்களிலும் (பங்கில் அக்கம்பக்கத்து வீட்டார் கூடிச் செபிக்கிற கூட்டம்) போனிலும் நம் மக்கள் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். நான் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறவள். சாமியாரும் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை. கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

சின்னப்பாலம், பாசி எடுக்கும் தொழில்: டீச்சர், நீர் வத்துற நேரம் பார்த்து விடியக் கருக்கல்லயே கிளம்பிருவோம். சில ஞாயிறு பூசை தவறிப்போகுது. ராத்திரி செபமாலை எடுத்தா ரெண்டாவது பத்துலயே தூங்கிர்றேன். ஆண்டவர் என்னைக் கைவிட்டுருவாரா?

மாட்டார் தாயி. விரலுக்கு விரல் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறை இடுக்கில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி இடுப்புப் பையில் சேர்க்கிற உடம்பு உங்களுடையது. துணியையும் மீறி பாறை கிழித்த காயத்தில் உப்புத் தண்ணீர் பட்டு எரிகிற எரிச்சல் ஆண்டவருக்குத் தெரியாதா? பிரான்சு நாட்டுக் கன்னியாஸ்திரியான புனித குழந்தை தெரேசம்மாளே செப நேரத்தில் தூங்கிவிடுவதை ஒளிக்காமல் எழுதிவைத்தவர். தூங்குகிற பிள்ளை மேலும் பெற்றவர்களுக்கு அதே பாசம்தான் என்று அவர் ஆறுதல் அடைந்தார்.

தக்க காரணம் இருந்து ஞாயிறு பூசைக்கு வர முடியாதவர்கள் மேல் திருச்சபை குற்றம் சுமத்துவதில்லை. சனி சாயங்காலப் பூசை இருந்தால் அதுவும் ஞாயிறு பூசைக்குக் கணக்குதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். நம் கரையில் பல ஊர்களில் ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்று கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். பாசிக்குப் போகிற பெண்களும் கூடிப் பேசி அப்படி ஒரு முடிவு எடுக்கலாமே? ஒருத்தி மட்டும் நின்றால் அவளுக்குத்தான் நட்டம். எல்லாரும் நின்றால் உடம்புக்கும் ஒரு நாள் ஓய்வு கிடைக்கும். மற்ற நாட்களில் முங்குவதற்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று சொன்னால் போதும். அதுவும் முழுச் செபம்தான்.

பாம்பன், 22 வயது: டீச்சர், அப்பா போன படகை இலங்கை நேவி பிடிச்சிருச்சு. அம்மா செவ்வாய்க்கிழமை தவறாம அந்தோணியார் கோயிலுக்குப் போறாங்க. எனக்குக் கோபம் மட்டும்தான் வருது. கோயிலுக்குள்ள போனா செபமே வரல. இது பாவமா?

தம்பி, மாற்கு 4-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடு. புயலில் படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, இயேசு பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீடர்களில் கடல் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களே நடுங்கிப்போய், "போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?" என்று கேட்கிறார்கள். மரியாதையான கேள்வி இல்லை, கோபமான கேள்வி. அவர் என்ன செய்தார்? முதலில் எழுந்து காற்றை அடக்கினார். அவர்களுடைய பயத்தைப் பற்றிப் பேசியது அதற்குப் பிறகுதான். அப்படிக் கேட்டதற்காக யாரையும் படகை விட்டு இறக்கவில்லை.

கோபத்தை மறைத்துவிட்டு இனிப்பாகச் செபம் சொல்ல வேண்டியதில்லை. 13-ஆம் திருப்பாடல் ஆறே வசனம். "எத்தனை நாள்?" என்று நாலு தடவை கேட்கிறது. 88-ஆம் திருப்பாடலோ இருட்டிலேயே முடிந்துவிடுகிறது, கடைசி வரியில்கூட வெளிச்சம் கிடையாது. அதையும் நம் முன்னோர் வேதத்தில் வைத்துக் காப்பாற்றித் தந்திருக்கிறார்கள். கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து அந்த இரண்டையும் வாய்விட்டு வாசி. அவ்வளவு செய்தாலே உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லியாயிற்று.

அடுத்து அந்த நாளுக்கு உரிய வேலை. அப்பாவின் மீனவர் அடையாள அட்டை, ஆதார், படகின் பதிவுத் தாள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, சங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போ. அம்மா சாப்பிட்டாளா என்று பார். உபவாசம் என்று சொல்லிக்கொண்டு அவள் உடம்பைக் கெடுத்துக்கொள்ள விடாதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேட்க உனக்குக் கசக்கலாம். அக்கரையில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வலை போடுகிற பலர் நம்மைப் போலத் தமிழர்கள், நம்மைப் போலவே அந்தோணியாரிடம் மன்றாடுகிறவர்கள். நம் விசைப்படகுகளின் இழுவைமடி வலை அவர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகும்போது அந்த வீட்டிலும் ஒரு அம்மா அழுகிறாள். 1974 ஒப்பந்தத்தில் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. ஆனாலும் அந்தத் தீவில் நடக்கும் அந்தோணியார் திருவிழாவில் இரண்டு கரை மக்களும் ஒரே பூசையில் முழங்கால் போடுகிறார்கள். உன் அப்பா திரும்பி வர வேண்டும் என்று நானும் உன்னோடு கேட்கிறேன். அந்த மீனவன் வலை கிழியாமல் இருக்கட்டும் என்றும் சேர்த்துக் கேட்போம்.

தொண்டிப் பக்கம், நாட்டுப்படகு வைத்திருப்பவர்: கடன் தீர்ந்தா ஓரியூர்ல கிடா வெட்டி ஊருக்கு அசனச் சாப்பாடு போடுறதா அருளானந்தருக்கு நேர்ந்தேன். பாதிக் கடன் தீர்ந்துச்சு. அப்புறம் மீன்பாடு இல்ல. நேர்ச்சையை நிறைவேத்த வியாபாரிகிட்ட அட்வான்ஸ் வாங்கலாமா?

வாங்காதீர்கள் அண்ணே. கடனுக்காக நேர்ந்த நேர்ச்சைக்கே கடன் வாங்கினால் அடுத்த சீசன் மீன் முழுக்க அவர் சொல்கிற விலைக்குப் போய்விடும். பங்குச்சாமியிடம் போய் நிலைமையைச் சொல்லுங்கள். தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கவும், அதைவிடச் சிறிய நற்செயலாக மாற்றிக் கொடுக்கவும் திருச்சபைச் சட்டம் பங்குக் குருவுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. பல பேருக்கு இது தெரியாமல் பயத்திலேயே காலம் தள்ளுகிறார்கள்.

ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தரையும் நினைத்துப் பாருங்கள். லிஸ்பனில் அரச குடும்பத்தோடு பழகி வளர்ந்த பிள்ளை, குருவாகி இங்கே வந்து காவி உடுத்தி மாமிசத்தை விட்டவர். 1686-ல் மறவ நாட்டில் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். ஐரோப்பாவுக்குப் போனவர் அங்கேயே தங்கியிருக்கலாம், ஆனால் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. அதற்கு முந்தின நாள் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் சாவை எதிர்பார்த்துக் காத்திருப்பதாகச் சொல்கிறார், புலம்பல் இல்லை. அவ்வளவு கொடுத்த மனிதர் உங்கள் கிடாவுக்காகக் கோபித்துக்கொண்டு மீன்பாட்டை நிறுத்துவாரா? மீன் இல்லாததற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன, அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிள்ளைகளோடு பஸ் ஏறிப் போய் அவர் ரத்தம் பட்டுச் சிவந்ததாக மக்கள் நம்புகிற அந்தச் செம்மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு வாருங்கள்.

மண்டபம், இரண்டு பிள்ளைகளின் தாய்: வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்து அடிக்கிறார். "இயேசு சிலுவை சுமந்தார்ல, நீயும் பொறுத்துக்க"ன்னு மாமியார் சொல்றாங்க. நான் விசுவாசம் இல்லாதவளா?

இல்லை. உங்கள் மாமியார் சொன்னது வேதமும் இல்லை. இயேசு சிலுவையைத் தாமாக மனம்வந்து எடுத்தார். அடிக்கிறவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நில் என்று எந்தப் பெண்ணிடமும் அவர் சொல்லவில்லை. ஒரு பெண்ணைக் கல்லெறியக் கூட்டம் கூடியபோது அவள் பக்கம் நின்றவர் அவர். இன்றே 181-க்குப் போன் போடுங்கள், பெண்களுக்கான உதவி எண் அது. ஆபத்து என்றால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போங்கள். மன்னிப்பது வேறு, அடி வாங்கிக்கொண்டே இருப்பது வேறு.

அவர் குடியை விட விரும்பினால் அதை நோயாகப் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். நாள்பட்டுக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. அதனால் தியானக் கூட்டத்தில் சத்தியம் வாங்கி அன்றைக்கே நிறுத்த வைப்பதை நான் ஆதரிப்பதில்லை. மருத்துவர் முதலில், சத்தியம் பிறகு.

மூக்கையூர்ப் பக்கம்: கடலுக்குப் போன எங்க வீட்டுக்காரர் திரும்பல. உடம்பும் கிடைக்கல. ரெண்டு வருசமாச்சு. "நம்பிக்கையோட இரு"ன்னு எல்லாரும் சொல்றாங்க. எதை நம்புறது டீச்சர்?

இதற்குப் பதில் எழுத எனக்குப் பல நாள் ஆனது, தங்கச்சி. உங்கள் முன்னால் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. அவர் ஒருநாள் வீட்டு வாசலுக்கு வருவார் என்பது ஒன்று. அதற்கு நான் உறுதி தரமாட்டேன், தருகிறவர்களையும் நம்பாதீர்கள். அவர் எங்கே இருந்தாலும் ஆண்டவர் கையை விட்டுப் போகவில்லை என்பது இன்னொன்று. திருவெளிப்பாடு 20-ஆம் அதிகாரத்தில், கடல் தன்னிடம் இருந்த இறந்தவர்களைத் திருப்பிக் கொடுத்தது என்று எழுதியிருக்கிறது. கல்லறையில் கிடப்பவர்களைப் போலவே கடலில் போனவர்களும் அவர் கணக்கில் இருக்கிறார்கள். முதல் நம்பிக்கை தேய்ந்துபோனால் குற்ற உணர்வு வேண்டாம். இரண்டாவது அதோடு சேர்ந்து தேயத் தேவையில்லை.

பூசைக் கருத்து (யாருக்காகப் பூசை என்று சொல்லிக் கொடுப்பது) கொடுக்கும்போது "இறந்தவருக்காகவா, இருப்பவருக்காகவா?" என்று கேட்பார்களே என்று பயந்து கொடுக்காமல் இருக்கிறீர்களா? அவர் பெயரை மட்டும் சொல்லிக் கொடுங்கள். பூசை உயிரோடு இருப்பவர்களுக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம், இறந்தவர்களுக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். மனசு தயாராகிற காலத்தில், உடம்பு இல்லாமலேயே அடக்கப் பூசை வைக்கலாம். கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலுவை நட்டால் நவம்பர் 2-ஆம் தேதி பிள்ளைகளுக்கு மெழுகுதிரி ஏற்ற ஒரு இடம் இருக்கும். தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, மாமியாரோ ஊரோ நாள் குறிக்க வேண்டாம். ஏழு வருசம் தகவலே இல்லாதவரை இறந்தவராகக் கருதச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதுவரைக்கும் காத்திராமல் மீன்வளத்துறையில் நிவாரணம் பற்றி இப்போதே கேளுங்கள். மனு எழுதிக் கொடுத்தால் அவரைக் கைவிட்டதாக ஆகிவிடாது.

திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரத்தை ஒரு தடவை வாசியுங்கள். 276 பேர் போன கப்பல், பல நாளாகச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனதாக லூக்கா வெளிப்படையாக எழுதுகிறார். பதினாலாம் நாள் விடியும் நேரத்தில் பவுல் எல்லாரையும் சாப்பிடச் சொல்லி, அப்பத்தை எடுத்து நன்றி சொல்லித் தானும் சாப்பிட்டார். காற்று அப்போதும் நின்றிருக்கவில்லை. உங்கள் வீட்டில் ராத்திரிச் சோறு சூடாக இருக்கட்டும், நீங்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ராமேஸ்வரம்: 1964 புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சது ஜனங்களோட பாவத்தாலன்னு ஒரு கூட்டத்துல பிரசங்கம் பண்ணாங்க. உண்மையா?

இல்லை. சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று இயேசுவே பதில் சொன்னார் (லூக்கா 13). அந்தப் புயலில் ரயிலோடு போனவர்களில் எல்லாவித மனிதர்களும் இருந்தார்கள். கோயிலும் மாதா கோயிலும் ஒன்றாகத்தான் இடிந்தன. செத்தவர்கள் மேல் பழி போடுகிற பிரசங்கத்துக்குத் தலையாட்டாதீர்கள்.

தங்கச்சிமடம், கல்லூரி மாணவி: மாசக்கணக்கா தூக்கம் இல்ல, எதுலயும் பிடிப்பு இல்ல. டாக்டர் மாத்திரை தந்தார். "விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு?"ன்னு செபக்கூட்டத்துத் தோழிகள் கேக்குறாங்க.

மாத்திரையை நிறுத்தாதே மகளே. டாக்டரைக் கேட்காமல் குறைக்கவும் செய்யாதே. சீராக் நூல் 38-ஆம் அதிகாரம், மருத்துவரை மதி, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்று சொல்கிறது. தோழிகளின் பைபிளில் அந்த நூல் இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் நற்செய்தி எழுதிய லூக்காவே மருத்துவர் என்று பவுல் சொல்லும் இடத்தைக் காட்டு, கொலோசையர் 4:14.

இறைவாக்கினர் எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, செத்துப்போனால் போதும் என்று சொன்னபோது வானதூதர் அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்து எழுப்பினார். எலியா சாப்பிட்டுத் திரும்பப் படுத்தார், தூதர் மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தார். உனக்கு இப்போது அந்தக் கவனிப்புதான் வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் எந்த நேரமும் 14416-ஐ அழை, தமிழிலேயே பேசுவார்கள். அம்மாவிடமும் சொல்லிவிடு.

ராமேஸ்வரம், இந்து நண்பர்: வேர்க்காடு சந்தியாகப்பர் கோயிலுக்குச் சின்ன வயசுலேர்ந்து போறேன். பூசையில உக்காரலாமா? நன்மை வாங்கலாமா?

தாராளமாக உட்காருங்கள், அந்தக் கோயில் திருவிழா உங்களுடையதும்தான். நன்மை, அதாவது நற்கருணை அப்பம், மட்டும் ஞானஸ்நானம் பெற்று, அதற்கெனத் தயாரான கத்தோலிக்கர்களுக்கு. பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய்த் தலையில் கை வைத்துச் செபிக்கச் சொல்லுங்கள், மறுக்கமாட்டார்.

பாம்பன், படகு டிரைவர்: வாழ்க்கையில முதல் தடவையா பைபிள் வாசிக்கணும்னு ஆசை. ஆதியாகமத்துலேர்ந்து ஆரம்பிச்சு ரெண்டு தடவை பாதியில விட்டுட்டேன்.

மாற்குவில் ஆரம்பியுங்கள் தம்பி. 16 அதிகாரம்தான், நாளைக்கு ஒன்று என்று வைத்தால் தடைக்காலத்துக்குள் மூன்று தடவை முடித்துவிடலாம். பிறகு யோவான் 21, அதில் கரையில் அடுப்பு மூட்டி மீன் சுடுகிறார் ஆண்டவர். எழுத்துக்கூட்டி வாசிக்கச் சிரமமாக இருந்தால் மகளை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள், அடுத்த அன்பியக் கூட்டத்தில் அந்த இடங்களிலிருந்தே தொடங்குவோம்.