ஈரப் பெட்டியோடு ஊர் திரும்பாமல் இருக்க…

சென்ற இதழில் லீவுக்கு எங்கே போகிறீர்கள், பெட்டி கட்டுவதில் என்ன சிக்கல் என்று கேட்டிருந்தோம். வந்தவற்றில் நிறைய, தீம் பார்க் போகிறவர்களின் கேள்விகள். அதிலும் 'மழை வருமா வராதா, ஒன்றும் புரியவில்லை' என்கிற ஒரே புலம்பல். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து எழுதிய சிலருக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: அரையாண்டு லீவில் நான், அவர், 11 வயது மகன், 6 வயது மகள், மாமியார் என்று ஐந்து பேர் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறோம். நாலு நாளில் ஒரு நாள் முழுக்க யுனிவர்சல் ஸ்டுடியோ. போனில் வானிலை பார்த்தால் எல்லா நாளும் இடி மின்னல் படம்தான் போட்டிருக்கிறது. குடை வேண்டுமா, ரெயின்கோட் போதுமா, ஸ்வெட்டர் எடுக்கணுமா? ஆளுக்கு 20 கிலோதான் அனுமதி. – வாசகி, தேவகோட்டை

பதில்: முதலில் அந்த இடி மின்னல் படத்தைப் பார்த்து மலைப்பதை விடுங்கள். சிங்கப்பூர் பூமத்திய ரேகையிலிருந்து 150 கிலோமீட்டர்கூடத் தள்ளி இல்லை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் போன் அந்தப் படத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். மற்ற மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடுவது வழக்கம். டிசம்பர் கொஞ்சம் வேறு மாதிரி. வடகிழக்குப் பருவக்காற்று வலுத்துவிட்டால் ஒரு நாள், இரண்டு நாள்கூட விடாமல் பெய்யும். அந்த ஒரு மாதத்தில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது நம் சிவகங்கைச் சீமையில் வருஷம் முழுக்கப் பெய்வதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே மழை வருமா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், வரும், நனைவீர்கள். மழை தப்பினால் ஜுராசிக் பார்க் பகுதியில் இருக்கிற ரேபிட்ஸ் படகு சவாரி நனைத்துவிடும், அதிலும் ஏறாவிட்டால் வேர்வை இருக்கவே இருக்கிறது.

அதனால் நான் பெட்டி கட்டும்போது ஒவ்வொரு துணியையும் கையில் எடுத்துக் கேட்பது ஒன்றுதான்: இது நனைந்தால் எவ்வளவு நேரத்தில் காயும்? அழகு, கலர் எல்லாம் அதற்கு அப்புறம்.

இந்தப் புத்தி எனக்குச் சும்மா வரவில்லை. சில வருஷம் முன்னால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு பார்க்குக்குப் போனபோது, போட்டோவில் நன்றாக இருக்குமே என்று இரண்டு பேருக்கும் ஜீன்ஸ் மாட்டிவிட்டேன். பதினொன்றரை மணிக்கு வானம் பொத்துக்கொண்டது. ஒரு தொப்பிக் கடையின் தாழ்வாரத்தில் நாற்பது ஐம்பது பேரோடு ஒடுங்கி நின்று, மழை விட்டதும் வெளியே வந்தால் சின்னவன் நடக்க மாட்டேன் என்கிறான். ஈர ஜீன்ஸ் தொடையில் உரசி உரசிச் சிவந்து, காலை அகட்டி அகட்டி வைக்கிறான். பாத்ரூமில் வைத்து அதைக் கழற்றிப் பிழிந்தபோது கிணற்று வாளி மாதிரி கனத்தது. பையைத் துழாவினால் குடை மூன்று இருக்கிறது, ஸ்வெட்டர் இருக்கிறது, மாற்று ஜட்டி ஒன்றுகூட இல்லை! கைப்பையின் அடியில் கிடந்த சின்னத் தேங்காய் எண்ணெய்ப் பாட்டில்தான் அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது. அந்த ஜீன்ஸ் ஹோட்டல் பாத்ரூமில் இரண்டு ராத்திரி தொங்கியும் காயாமல், கடைசியில் பாலிதீன் கவரில் சுருட்டி ஊருக்குக் கொண்டுவந்தோம். முகப்பில் வைத்துப் பெட்டியைத் திறந்ததும் என் மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நம்மைக் கெடுத்து வைத்திருப்பது நம் மொட்டை மாடி. ஏப்ரலில் துண்டை உதறிப் போட்டுவிட்டுக் கீழே வந்து ஒரு காபி குடித்துவிட்டு ஏறினால் அப்பளமாகக் கிடக்கும். சிங்கப்பூர் காற்றில் எப்போதும் ஈரம் நிற்பதால் அங்கே அந்தக் கதை நடக்காது. துவைத்ததை பாத்ரூமில் போடாதீர்கள், ஏ.சி. ஓடுகிற அறையில் ஹேங்கரில் மாட்டுங்கள். அதற்கு முன்னால் உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, அதன் மேல் ஏறி நின்று ஒரு மிதி மிதித்துவிடுங்கள், பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும்.

சரி, பார்க் நாளுக்கு வருவோம். எல்லோருக்கும் விளையாட்டு டி-ஷர்ட் மாதிரி மெல்லிய துணி, பிள்ளைகளுக்கு முக்கால் பேண்ட். ஆளுக்கு ஒரு உள்ளாடை செட், பிள்ளைகளுக்கு முழு செட், தனித்தனி ஜிப் கவரில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடினால் கைப்பையில் ஒரு மூலைக்குள் அடங்கும். ஈரத் துணி போட இரண்டு பெரிய கவர் காலியாக எடுத்துக்கொள்ளுங்கள், இதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். ரெயின்கோட், மடித்தால் உள்ளங்கையில் அடங்குகிற மெல்லிய ரகத்தில், முதுகில் பையோடு சேர்த்துப் போர்த்துகிற அளவுக்குத் தொளதொளவென்று வாங்குங்கள். ஊரிலேயே வாங்கிவிடுங்கள், பார்க்குக்குள் வாங்கினால் விலையைக் கேட்டு ரூபாயில் பெருக்கிப் பார்த்து அன்றைக்குப் பூராவும் முகம் சுண்டிப் போகும். குடை ஒன்றே ஒன்று, மாமியாருக்கு, அதுவும் வெயிலுக்கு. ஆறு வயதுப் பிள்ளையின் கையையும் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் குடையும் பிடிக்க முடியாது, காற்று மழையில் அது தாமரை மாதிரி மேல்நோக்கி விரிந்துகொள்ளும்.

ஸ்வெட்டர் வேண்டவே வேண்டாம். அங்கே ராத்திரியில்கூட 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனால் நனைந்த உடம்போடு ஏ.சி. ஹாலுக்குள் போனால் பல் கிட்டும், அதற்கு மெல்லிய முழுக்கைச் சட்டை ஆளுக்கு ஒன்று போதும். காலுக்குப் பின்வார் வைத்த சாண்டல். கேன்வாஸ் ஷூ நனைந்தால் அதோடு முடிந்தது, புது ஷூவோ நனையாமலே கொப்புளம் போடும்.

இடி மின்னல் அபாயம் என்றால் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா மாதிரி வெளியில் இருக்கும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், கூட்டம் மொத்தமும் கட்டடத்துக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி ரைடுகள் பக்கம் திரும்பும். அதனால் காலையில் வானம் தெளிவாக இருந்தால் வெளி ரைடுகளை முதலில் முடித்துவிடுங்கள். போனில் இருக்கிற வாரக் கணிப்பைவிட, அன்றன்றைக்கு சிங்கப்பூர் அரசின் மைஇஎன்வி செயலியில் மழை மேகம் எங்கே நகர்கிறது என்று பார்ப்பது உபயோகம். பவர் பேங்க் கைப்பையில்தான் போகவேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். 20,000 எம்.ஏ.எச். வரை தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆளுக்கு 20 கிலோ என்றால் ஐந்து பேருக்கு 100 கிலோ, நான் சொன்னபடி கட்டினால் அதில் பாதிகூட ஆகாது. மிச்ச இடத்தைத் திரும்பி வரும்போது முஸ்தபா கடையில் வாங்குவதற்கு விட்டுவையுங்கள், எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள்.

கேள்வி: மே கடைசி வாரம் கொச்சி வொண்டர்லா போகலாம் என்று இருக்கிறோம். தண்ணீரில் இறங்க காட்டன் துணி கூடாதாமே? எங்கள் வீட்டில் எல்லோரும் காட்டன்தான். இது அங்கே துணி விற்பதற்கான தந்திரமா? – வாசகர், புதுவயல்

பதில்: சந்தேகம் நியாயம்தான், ஆனால் காரணம் இருக்கிறது. காட்டன் தண்ணீரை உறிஞ்சிக் கனத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சறுக்கில் வழுக்காமல் பிடிக்கும், நூல் பிசிறு உதிர்ந்து தண்ணீர் சுத்திகரிக்கிற வடிகட்டியில் போய் அடைக்கும். நைலான், பாலியெஸ்டரில் இந்தத் தொல்லை கிடையாது. காரைக்குடியில் விளையாட்டுச் சாமான் கடையிலேயே வாங்கிக்கொண்டு போய்விட்டால் யார் தந்திரத்திலும் மாட்ட வேண்டாம். பட்டன், ஜிப், ஜிகினா வைத்ததை எடுக்காதீர்கள், சறுக்கும்போது முதுகைக் கீறும்.

2000-த்தில் வீகாலாண்ட் என்ற பெயரில் திறந்த இடம் அது, நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குகிற வழக்கமான தேதி ஜூன் 1. நீங்கள் போவது அதற்கு முந்தின வாரம். காலையில் வெயில் மண்டையைப் பிளக்கும், சாயங்காலம் இடியோடு கொட்டும். சும்மா மழை என்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், மின்னல் வந்தால் தண்ணீரிலிருந்து எல்லோரையும் ஏற்றிவிடுவார்கள். அந்த நேரத்தில் உலர்ந்த துணி உள்ளே லாக்கரில் இருக்க வேண்டும், வேனில் இருந்து பிரயோஜனம் இல்லை. போன முறை எங்கள் கூட்டத்தில் ஒரு மாமா வேன் டிரைவரைத் தேடிக்கொண்டு ஈரத் துண்டோடு பார்க்கிங் முழுக்கச் சுற்றினார், டிரைவர் சாப்பிடப் போயிருந்தார்.

கேள்வி: சென்னை ஈ.சி.ஆரில் இருக்கிற ஒரு பார்க்குக்கு டிசம்பரில் போகிறோம். எங்கள் அப்பத்தாவுக்கு 74 வயது. கண்டாங்கிச் சேலை தவிர எதுவும் கட்ட மாட்டார்கள், ஆனால் கட்டாயம் வருவேன் என்கிறார்கள். மழையில் எப்படிச் சமாளிப்பது? – கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

பதில்: அப்பத்தாவுக்கு என் வணக்கம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலையைப் போய் நான் குறை சொல்வேனா? உண்மையில் அந்தக் காலத்து ஆச்சிமார் பின்கொசுவம் வைத்துக் கெண்டைக்காலுக்கு ஏற்றிக் கட்டினார்களே, அதுதான் மழை நாளில் தீம் பார்க்குக்குச் சரியான கட்டு. கரை சேற்றில் புரளாது, படியில் தடுக்காது. ஒரே சங்கடம், கண்டாங்கி கெட்டி நூல், நனைந்தால் சாயங்காலம் வரை ஈரம் இறங்காது. ஒரு பூனம் சேலையை மாற்றுக்கு மடித்து வையுங்கள், நூறு தடவை வேண்டாம் என்பார்கள், நனைந்ததும் அவர்களே கேட்பார்கள். உள்பாவாடையும் ஜாக்கெட்டும் சேர்த்து வைக்க வேண்டும், வெறும் சேலையை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஈர டைல்ஸில் ஹவாய் செருப்பு வழுக்கும். அடியில் வரி வரியாக வெட்டு இருக்கிற, பின்வார் வைத்த ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்து, ஒரு வாரம் முன்பே வீட்டு வளவில் போட்டு நடக்கச் சொல்லுங்கள். மாத்திரைகளை அட்டையோடு ஜிப் கவரில் உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் சுருக்குப் பையில் வேண்டாம். சுற்றுகிற ரைடுகளில் ஏற்றாதீர்கள், வேடிக்கை பார்க்கவே அவர்களுக்குப் பொழுது போதாது. புயல் எச்சரிக்கை வந்தால் மறுபேச்சில்லாமல் தேதியை மாற்றுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை என்ன பாடு படுத்தியது என்பது மறந்திருக்காது.

கேள்வி: ஹோட்டலில் கொறிக்க தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை கொண்டுபோனால் இரண்டாம் நாளே நமுத்துப்போகிறது. வழி உண்டா? – வாசகி, காரைக்குடி

பதில்: எல்லாவற்றையும் ஒரே பெரிய டப்பாவில் கொட்டிவிட்டு, நாளைக்குப் பத்துத் தடவை திறந்தால் நமுக்கத்தான் செய்யும். ஒரு நாளைக்கு ஒரு கவர் என்று பிரித்துக் கட்டுங்கள், அன்றைய கவரை மட்டும் திறங்கள். சுட்டு முழுக்க ஆறிய பிறகுதான் கட்ட வேண்டும், வெதுவெதுப்பில் மூடினால் அந்த ஆவியே உள்ளே நின்று கெடுத்துவிடும். நொறுங்காமல் இருக்க அந்தக் கவர்களை ஒரு எவர்சில்வர் தூக்குக்குள் நிற்கவையுங்கள். ஓலைக் கொட்டான் பார்க்க அழகு, ஈரக் காற்று உள்ள ஊருக்கு வேண்டாம். பார்க்குகளில் பெரும்பாலும் வெளிச் சாப்பாட்டை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், கைக்குழந்தைச் சாப்பாடு தவிர மற்றதை அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: இந்த வருஷம் பிள்ளையார் நோன்பு அன்றைக்கு நாங்கள் சிங்கப்பூரில் இருப்போம் போலிருக்கிறது. பகலில் பார்க், ராத்திரி ஹோட்டல் அறையில் இழை (மாவில் வைத்து, சுடரோடு விழுங்குகிற நெய்த் திரி) எடுத்துக்கொள்ளலாமா? என்னென்ன கட்டிக்கொண்டு போக வேண்டும்? – வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அறையில் வேண்டாம் அண்ணே. கூரையில் புகை கண்டுபிடிக்கிற கருவி இருக்கும், 21 இழையையும் நெய்யில் நனைத்துச் சுடர் ஏற்றினால் பிள்ளையாருக்கு முன்னால் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும். டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் நம் நகரத்தார் 1859-இல் கட்டியது, ஊரிலிருந்தே ஒரு போன் போட்டு அங்கே நோன்பு எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். பார்க்கிலிருந்து நேரே ஓடாதீர்கள். அறைக்கு வந்து குளித்து, இதற்கென்றே தனியாக வைத்த உலர்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போகிற மாதிரி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இழைத் திரியை வீட்டிலேயே எண்ணித் திரித்துக் கவரில் போட்டுவிடலாம், எடையே இருக்காது. நெய் 100 மில்லிக்கு மேல் என்றால் பெரிய பெட்டியில், மூடிக்கு மேல் டேப் ஒட்டி. தீப்பெட்டி எந்தப் பெட்டியிலும் கூடாது, அதைக் கோயிலில் பார்த்துக்கொள்ளலாம். மாவும் வெல்லமும் சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவில் கிடைக்கும், சுமக்க வேண்டாம். பொரியை மட்டும் இங்கிருந்தே இரட்டைக் கவரில் கட்டி, கோயில் வாசலுக்குப் போகிற வரைக்கும் பிரிக்காதீர்கள்.