கேரவனுக்கு எந்த பிரேக் கன்ட்ரோலர்?

கேள்வி: ஐயா, மெல்போர்னில் இருக்கும் என் மகன் டொயோட்டா ஹைலக்ஸுக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற கேரவன் ஒன்று வாங்கியிருக்கிறான். இரண்டு அச்சு, சாமான் ஏற்றினால் 2,500 கிலோ. வண்டியில் எலக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலர் பொருத்த வேண்டுமாம். இரண்டு வகை இருக்கிறதாம், விலை குறைந்ததே போதும் என்கிறான். டிசம்பரில் நாங்களும் அதில் ஊர் சுற்றப் போகிறோம். எது நல்லது? எனக்கு முழங்கால் வலி. வண்டி ஓடும்போது கேரவனுக்குள் படுத்துக்கொள்ளலாமா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, விலை குறைந்தது வேண்டாம் என்று இன்றைக்கே மகனிடம் சொல்லிவிடுங்கள். ஏன் என்று கேட்டால் விளக்கவும் வேண்டும் இல்லையா, சொல்கிறேன்.

அந்தக் கேரவனின் ஒவ்வொரு சக்கர டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் இருக்கும். கரண்ட் வந்ததும் அது சுழலும் டிரம்மில் ஒட்டி, அதோடு இழுபட்டு, ஒரு நெம்புகோலை அசைத்து பிரேக் ஷூவை விரிக்கும். எப்போது, எவ்வளவு கரண்ட் என்பதை முடிவு செய்வது டிரைவர் பக்கத்தில் இருக்கும் கன்ட்ரோலர்.

மலிவான வகைக்கு பிரேக் லைட் எரிகிறதா என்பது மட்டும்தான் தெரியும். எரிந்தால், முன்பே வைத்த அளவுக்குக் கரண்டைப் படிப்படியாக ஏற்றும். சிக்னலில் மெதுவாக மிதித்தாலும் அதே அளவு, கங்காரு குறுக்கே பாய்ந்து அழுத்தி மிதித்தாலும் அதே அளவு. முதலாவதில் வண்டி வெடுக்கென்று இழுக்கும். இரண்டாவதில் கேரவன் பிடிப்பதற்குள் இரண்டரை டன் முன்வண்டியைத் தள்ளும். இன்னொரு வகையில், வண்டியின் வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறது என்பதை உணரும் சென்சார் உண்டு. அதற்கேற்ப கரண்ட் போகும். இதையே வாங்கச் சொல்லுங்கள். டெகான்ஷா பிராடிஜி பி3, ரெட்ஆர்க் டோ-புரோ எலைட் இரண்டும் இந்த வகை. என் ஓட்டு ரெட்ஆர்க்குக்கு. டாஷ்போர்டில் ஒரு சின்னத் திருகு மட்டும் தெரியும், பெட்டி உள்ளே மறைந்துவிடும். டிரைவரின் முழங்காலுக்கு அருகே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு வயரிங் பார்ப்பதுதான் என் தொழிலாக இருந்தது. அவை ஏர் பிரேக் வண்டிகள். ஆனாலும் பின்னால் இருக்கும் எடை முன்னால் இருப்பதைத் தள்ளும் என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். டிரெய்லரை மட்டும் தனியாகப் பிடிக்க நம் டிரைவர்களிடம் ஹேண்ட் வால்வு இருக்கும். கன்ட்ரோலரிலும் அதே வேலைக்குக் கையால் இயக்கும் பொத்தானோ நெம்போ உண்டு. பக்கத்தில் பெரிய லாரி கடக்கும்போது கேரவன் இடவலமாக ஆடத் தொடங்கினால், கால் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரையும் அழுத்தாமல், அந்தக் கை பிரேக்கை மட்டும் மெல்லக் கொடுக்க வேண்டும். பின்வண்டி இழுத்து நேராகும். தேடாமல் கை எட்டும் இடத்தில் அது இருக்க வேண்டும். எனக்கு இதுதான் பிராண்டை விட முக்கியம்.

பொருத்துவதை வாகன எலக்ட்ரீஷியனிடம் விடட்டும். நான்கு காந்தங்களும் சேர்ந்து சுமார் 12 ஆம்பியர் இழுக்கும். அதனால் பேட்டரியிலிருந்தே தடித்த வயர், நடுவில் சர்க்யூட் பிரேக்கர். சிகரெட் லைட்டர் வயரில் ஒட்டுப் போடக் கூடாது.

அப்புறம் கரண்டின் அளவை வைப்பது. சாமான் ஏற்றி, காலியான சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், கன்ட்ரோலரில் இருக்கும் அந்தக் கை பிரேக்கை முழுதாகக் கொடுக்கட்டும். கேரவன் சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் அளவைக் குறைக்க வேண்டும். பூட்டுவதற்குச் சற்று முன் நிற்கும் அளவே சரி. சாமான் குறைந்தாலும் கூடினாலும் மறுபடி வைக்க வேண்டும். புது பிரேக் ஷூ பழகும் வரை அடிக்கடி பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோவைத் தாண்டிய கேரவனுக்கு எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் கட்டாயம். கொக்கி கழன்றுபோனால் தானாகப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் விடாமல் நிற்க வேண்டும். அப்படிப் பிடிக்க வைக்கும் சுவிட்சின் ஊசியை இழுக்கும் கம்பியை ஹைலக்ஸின் சேசிஸில் கட்டியிருக்கிறானா, அந்தப் பிரேக்குக்கான சிறு பேட்டரி சார்ஜில் இருக்கிறதா என்று மகனிடம் ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் கேளுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: கூடாது அம்மா. ஓடும் கேரவனுக்குள் ஆள் இருப்பது அங்கே சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட. வண்டியின் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, பெல்ட் போட்டு, காலை நீட்டி உட்காருங்கள். வழியில் அடிக்கடி நிறுத்தச் சொல்லி, கேரவனில் ஏறிச் சற்றுப் படுத்துவிட்டுக் கிளம்பலாம்.