சார்ல்ஸ் ஹக்கின்ஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழிருக்கும் சுரப்பி) புற்றுநோய்க்கு ஹார்மோன் வழியே மருந்து தேடிய சார்ல்ஸ் ஹக்கின்ஸின் ஆராய்ச்சியைப் பற்றிக் கேளுங்கள் என்றிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள்.

கல்லூரி மாணவர், மதுரை: ஐயா, அவர் ஏன் நாய்களை எடுத்துக்கொண்டார்?

நல்ல கேள்வி, தம்பி. வயதான மனிதனைப் போலவே வயதான ஆண் நாய்க்கும் புராஸ்டேட் வீங்கும். 1901இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பிறந்த ஹக்கின்ஸ், 1927இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கற்றது பொது அறுவைச் சிகிச்சை. சிறுநீரகவியலைப் புத்தகம் படித்தே பிடித்துக்கொண்டார். நாயின் புராஸ்டேட்டைச் சிறுநீர்ப்பையிலிருந்து பிரித்து, சிறுநீர் கலக்காத சுரப்பு மட்டும் வெளியே வடியும்படி செய்தார். அதை அளந்தார். விரைகளை நீக்கினால் சுரப்பு வற்றியது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் செலுத்தினால் மறுபடி ஊறியது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுத்தால் அடங்கியது.

பிறகு நோயாளிகளிடம் வந்தார். எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்று, அமில பாஸ்பட்டேஸ் என்ற நொதியை இரத்தத்தில் கசியவிடும். விரைகளை நீக்கியதும் அந்த அளவு இறங்கியது, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டதும் ஏறியது. கிளாரன்ஸ் ஹாட்ஜஸுடன் 1941இல் இதை வெளியிட்டார். புற்றுச் செல் எதற்கும் கட்டுப்படாதது என்று நம்பிய காலம் அது. அதுவும் உடலின் ஹார்மோனை நம்பித்தான் வாழ்கிறது என்பதை இரத்தப் பரிசோதனையே காட்டிவிட்டது. வலியில் கிடந்த சிலருக்குச் சில நாட்களிலேயே வலி குறைந்தது.

வாசகர், சேலம்: எனக்கு பிஎஸ்ஏ 6. புற்றுநோயா?

பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் இரத்தத்தில் விடும் ஒரு புரதத்தின் அளவு. அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சாதாரண வீக்கத்திலும் தொற்றிலும் அது ஏறும். சிறுநீரகவியல் மருத்துவரைப் பாருங்கள்.

வேதியியல் ஆசிரியர், திருச்சி: விரையை நீக்கியும் நோய் திரும்புகிறதே. தோற்ற சிகிச்சைக்கா 1966இல் நோபல்?

இல்லை, ஐயா. முதலில் சிகிச்சை பெற்ற 21 பேரில் 4 பேர் 12 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். எல்லோருமே நோய் முற்றிப் பரவியவர்கள். முழுக் குணம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் அவர்களுக்குக் கொடுக்க நம்மிடம் என்ன இருந்தது?

அதே ஆசிரியர்: அவர் விரையோடு நின்றுவிட்டார் என்பதுதான் என் வாதம்.

நிற்கவில்லை! சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பிகளும் ஆண் ஹார்மோன்களைச் சுரக்கின்றன என்று கண்டு, 1945இல் அவற்றையும் நீக்கிப் பார்த்தார். அட்ரினல் சுரப்புக்கு ஈடுகட்டும் கார்ட்டிசோன் மருந்து அப்போது கைக்கு வரவில்லை, நோயாளிகள் தாங்கவில்லை. எண்ணம் சரி, காலம் கூடவில்லை. 2011இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அபிராட்டரோன் என்ற மருந்து, விரை, அட்ரினல், கட்டி மூன்றிலும் ஆண் ஹார்மோன் உருவாவதைத் தடுக்கிறது. கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பதும் இதனால்தான். அட்ரினலைத் தடுத்தால் உடலுக்கு வேண்டிய கார்ட்டிசால் ஹார்மோனும் குறையும்.

வாசகர், வேலூர்: பிஎஸ்ஏ 5.2 என்றால்?

சேலம் வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆசிரியர், திருச்சி, மூன்றாம் முறை: எல்லா வழியையும் அடைத்தும் செல் வளர்கிறதே, எப்படி?

இதுதான் உங்கள் மிகச் சிறந்த கேள்வி. ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பியைச் செல் பல மடங்கு பெருக்கிக்கொள்கிறது. துளி ஹார்மோனே அதற்குப் போதும். சில செல்களில் ஏற்பி உருமாறி, ஹார்மோன் இல்லாமலே வேலை செய்கிறது. ஏற்பியையே அடைக்கும் என்சலூட்டமைடு மருந்து 2012இல் வந்தது. ஆக, நோய் திரும்பிய பிறகும் பெரும்பாலும் அதே ஆண் ஹார்மோன் பாதையைத்தான் அது நம்பியிருக்கிறது. ஹக்கின்ஸ் போட்ட கோட்டின் மேல்தான் நாம் இன்னும் நடக்கிறோம்.

இல்லத்தரசி, ஈரோடு: நோபலை அவருடன் பகிர்ந்தவர் யார்?

பேட்டன் ரௌஸ். கோழிப் புற்றுக்கு வைரஸ் காரணம் என்று 1911இல் காட்டியவர், அம்மா.

வாசகர், நெல்லை: அப்பாவுக்கு லூப்ரோலைடு ஊசி போடுகிறார்கள். பிஎஸ்ஏ இறங்கிவிட்டது. நிறுத்தி மூலிகை கொடுக்கலாமா?

கூடாது. இதை எத்தனை முறை கேட்டாலும் அழுத்திச் சொல்வேன்: ஊசியை நீங்களாக நிறுத்தாதீர்கள். லூப்ரோலைடு, விரைகளில் ஆண் ஹார்மோன் சுரப்பதை அடக்கும் மருந்து. எண் இறங்கியது அந்த ஊசியால்தான். இடைவெளி விடலாமா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மூலிகை கொடுப்பதையும் அவரிடம் மறைக்காதீர்கள்.

வாசகி, கோவை: கணவருக்கு அதே ஊசி. எலும்பு தேயுமா?

தேயலாம், அம்மா. எலும்பு அடர்த்திப் பரிசோதனை எப்போது என்று கேளுங்கள். கால்சியம், வைட்டமின் டி தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். தினமும் நடக்கச் சொல்லுங்கள். பயந்து ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.