ஒரே அளவு கதிர்வீச்சுக்கு எல்லா நுரையீரல் புற்றுக்கட்டிகளும் ஏன் ஒரே மாதிரி சுருங்குவதில்லை?

கட்டியின் மரபணு மாறுபாடு, அதாவது டி.என்.ஏ. எழுத்து வரிசையில் உள்ள வித்தியாசம், ஒரு முக்கியக் காரணம்.

கதிர்வீச்சு புற்றணுவின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. அதில் பெரும்பகுதி வேலையைச் செய்பவை, செல்லுக்குள் இருக்கும் நீரிலிருந்து கதிர் உண்டாக்கும் வினைமிகு மூலக்கூறுகள். கீப்1 மரபணு பழுதானால், அது அடக்கி வைத்திருக்கும் என்.ஆர்.எஃப்.2 புரதம் கட்டவிழ்ந்து குளுட்டாதையோன் போன்ற காப்புப் பொருள்களைக் குவிக்கும். எண்ணெய் பூசிய இரும்பு சுலபத்தில் துருப்பிடிக்காதே, அதுபோலத்தான். வழக்கமான 30 தவணை, மொத்தம் 60 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்த பிறகும் அதே இடத்தில் கட்டி திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. உடைப்பைக் கண்டறியும் ஏ.டி.எம். மரபணு செயலிழந்த கட்டியோ எளிதில் மடியும்.

மரபணு என்றதும் பிள்ளைகளுக்கும் வருமோ என்று பலர் பயப்படுகிறார்கள். கட்டியில் காணும் கீப்1 மாற்றம் பொதுவாக அந்தக் கட்டிக்குள்ளேயே தோன்றியது, பரம்பரையாக வந்ததல்ல.