நாற்காலி போனது, கப்பல் போகவில்லை

கேள்வி: இடைக்கால இத்தாலியின் ஜெனோவாவைக் குடியரசு என்கிறார்கள். எங்கே பார்த்தாலும் டோரியா குடும்பம்தான் நிற்கிறது. இதற்குப் பேர் குடியரசா? அவர்களைத் தட்டிக்கேட்க ஆளே இல்லையா?

பதில்: குடியரசு என்றதும் ஊரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது என்று நினைத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. ராஜா இல்லாத ஊர், அவ்வளவுதான். டோரியா, ஸ்பினோலா, கிரிமால்டி, ஃபியஸ்கி என்று நாலு பெரிய வீடுகள். ஒருத்தர் முடிசூட மற்ற மூவர் விடமாட்டார்கள். முதல் இரண்டும் புனித ரோமானியப் பேரரசர் கட்சி, மற்ற இரண்டும் போப் கட்சி. 1270-ல் ஒபெர்ட்டோ டோரியாவும் ஒபெர்ட்டோ ஸ்பினோலாவும் ஆட்சியைப் பங்கு போட்டுக்கொண்டபோது சூட்டிக்கொண்ட பட்டம் என்ன தெரியுமா? 'மக்கள் தளபதிகள்'!

உங்கள் சந்தேகத்துக்கு நல்ல சாட்சி சான் மத்தேயோ தேவாலயம். டோரியாக்களின் குடும்பக் கோயில். முகப்பில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல்வரிகள்; வெள்ளை வரிகளில் கல்வெட்டு. 1284-ல் மெலோரியா கடல் சண்டையில் ஒபெர்ட்டோ டோரியா போட்டித் துறைமுக நகரமான பீசாவை முறித்தது, 1298-ல் கூர்சோலா கடல் சண்டையில் லாம்பா டோரியா வெனிஸை வென்றது, எல்லாம் அங்கே இருக்கிறது. லாம்பாவையே அந்தச் சுவரில்தான், ஒரு பழைய ரோமானியக் கல்பெட்டிக்குள் வைத்தார்கள். துடுப்புப் போட்டது ஊர்; வரவு எழுதியது ஒரு வீட்டுச் சுவரில்.

1339-ல் ஜனங்கள் பொறுமை இழந்து சிமோனே பொக்கநெக்ராவை 'டோஜே', அதாவது குடியரசின் தலைவர், ஆக்கினார்கள். பிரபுக்களுக்கு இனி அந்த நாற்காலி கிடையாது என்றும் ஆயிற்று. டோரியாக்கள் ஒழிந்தார்களா? 1352-ல் பாஸ்பரஸ் சண்டைக்குக் கடற்படைத் தலைவர் பகானோ டோரியா. 1379-ல் வெனிஸோடு நடந்த போலா சண்டையில் லூச்சியானோ டோரியா. ஜெயித்த சண்டையிலேயே செத்தார். சரி, அடுத்த தலைவராக யாரை அனுப்பினார்கள்? பியெத்ரோ டோரியாவை! வெனிஸுக்குப் பக்கத்தில் கியோஜ்ஜா முற்றுகையில், 1380 ஜனவரியில், வெனிஸ்காரர்களின் பீரங்கிக் கல் பட்டுச் சரிந்த கட்டடத்தின் அடியில் அவரும் போனார். கடல் சண்டை தெரிந்த குடும்பம், ஊர் அவர்களை விட்டுவிட முடியவில்லை.

தட்டிக்கேட்ட ஆள் ஒருவர் உண்டு, அவரும் வெளியூர்க்காரர்: ஃபிளாரன்ஸின் கவிஞர் தாந்தே. பிராங்கா டோரியா தன் மாமனார் மிக்கேலே சாங்கேயை விருந்துக்குக் கூப்பிட்டுக் கொன்றார் என்பது பழி. அதற்காக, தன் காவியத்தில், ஆள் உயிரோடு இருக்கும்போதே அவர் ஆன்மாவை நரகத்தின் பனிக்கட்டியில் உறையவிட்டார் கவிஞர். மேலே நடமாடும் உடம்பு உண்கிறது, குடிக்கிறது, தூங்குகிறது, உடை மாட்டிக்கொள்கிறது. உள்ளே இருப்பது பேய் என்றார்.

அதை மட்டும் சான் மத்தேயோ சுவரில் யாரும் வெட்டவில்லை.