ஈஸ்டர் விடுமுறையில் வளர்ந்த கிருமி: கேள்வி பதில்

வயிற்றுப்புண் கிருமியைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தார்களாமே, உண்மையா?

பாதி உண்மை. இடம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம், வருடம் 1982. ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள், நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்த துளித் திசுவை வளர்ப்புத் தட்டில் இட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 30 பேருக்கு மேல் பார்த்தும் ஒன்றும் வளரவில்லை. தொண்டைச் சளிக்குச் செய்வதுபோல இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டைக் குப்பையில் போடுவதுதான் ஆய்வகத்தின் வழக்கம். ஈஸ்டர் சமயத்தில் அந்த மருத்துவமனையில் வேறொரு கிருமி பரவியதால் ஆய்வகத்துக்கு வேலை தலைக்கு மேல். அப்புறம் விடுமுறையும் வந்துவிட்டது. தட்டு ஐந்து நாள் அப்படியே கிடந்தது. திறந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருக்கிறது! ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இந்தக் கிருமி மெதுவாக வளரும் ரகம். அதற்கு இரண்டு நாள் போதாது.

அப்படியென்றால் முழுக்க அதிர்ஷ்டம்தானே?

இல்லை. அந்தத் தட்டு அங்கே ஏன் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1979இலேயே வாரன் ஒரு பயாப்சியில், அதாவது பரிசோதனைக்காக எடுத்த திசுவில், வளைந்த கிருமிகளைப் பார்த்துவிட்டார். அமிலம் நிறைந்த இரைப்பையில் எதுவும் உயிர்வாழாது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. சக மருத்துவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரோ கிருமியைத் தெளிவாகக் காட்டும் வெள்ளிச் சாயம் ஏற்றி, ஒவ்வொரு பயாப்சியாகத் தேடினார். 1981இல் மார்ஷல் வந்து சேர்ந்தார். 1950களில் அமெரிக்காவில் ஒருவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயாப்சிகளைப் பார்த்துவிட்டுக் கிருமியே இல்லை என்று எழுதினார். அவர் வெள்ளிச் சாயத்தைப் பயன்படுத்தவில்லை. எனக்கு ஈஸ்டர் கதையைவிட இதுதான் பெரிய பாடம்.

அவ்வளவு அமிலத்தில் அது எப்படிப் பிழைக்கிறது?

யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்குகிறது. அது சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துவிடும். வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனையும் இந்தக் குணத்தை வைத்துத்தான்.

மார்ஷல் கிருமியைக் குடித்தாராமே! அது தேவையா?

கிருமிதான் நோய்க்குக் காரணம் என்று காட்டப் பன்றிக்குட்டிகளில் முயன்றார், தொற்றவில்லை. 1984இல் கிருமி கலந்த கரைசலைத் தானே குடித்தார். முதலில் எண்டோஸ்கோப்பி (குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் பரிசோதனை) செய்து, தன் இரைப்பை நன்றாக இருப்பதை உறுதிசெய்துகொண்டார். சில நாளில் வாந்தி, வாய் நாற்றம். மறுபடி எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பை அழற்சி தெரிந்தது, கிருமியும் கிடைத்தது. அவருக்குப் புண் வந்ததாகப் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. வந்தது அழற்சி மட்டும்தான். அவருடைய துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது.

என் அம்மாவுக்குப் பல வருடமாக அல்சர். நேரத்துக்குச் சாப்பிடாததும் காரமும்தான் காரணம் என்கிறார்கள்.

காரம் எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் பெரும்பாலான அல்சருக்குக் காரணம் இந்தக் கிருமி, அல்லது அடிக்கடி போடும் வலி மாத்திரை. அம்மா மூட்டு வலிக்கு மாத்திரை எடுக்கிறாரா என்று கேளுங்கள். கிருமிப் பரிசோதனை செய்ததுண்டா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். கிருமி இருந்தால், அமிலம் குறைக்கும் மருந்தோடு ஆன்டிபயாடிக்குகளைப் பெரும்பாலும் 14 நாள் தருவார்கள். நான்காம் நாளே வலி போய்விட்டது என்று நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடித்து ஒரு மாதம் போனபின், கிருமி போய்விட்டதா என்று மறுபடி பரிசோதிக்க வேண்டும்.